போர்ட் ஒயினுக்குச் சாயம் ஏற்றியது யார்? ஊரையே பகைத்துக்கொண்ட பாரன் ஃபாரஸ்டர்... போடி ஏலக்காய்க்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். காய் எவ்வளவு பச்சை, எவ்வளவு பருமன்? இந்த ரெண்டும் கண்ணுக்குப் பிடித்தால்தான் மற்றதெல்லாம். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமனா, நல்ல பச்சையா இருந்தா அதுக்குத் தனி விலை. வாசனை, ருசி எல்லாம் அடுத்த கட்டம்.

ஏலக்காய் வியாபாரத்தில் ஒரு பழைய மோசடி அவ்வப்போது தலைகாட்டுவதற்குக் காரணமும் இதுதான். வெளிறிப்போன காய்க்கு செயற்கைப் பச்சைச் சாயம் ஏற்றி, புதுக் காய் மாதிரி விற்பது. உணவுப் பாதுகாப்பு விதிகள் இதை அனுமதிப்பதில்லை. ஆனாலும் சந்தை பச்சையைக் கேட்கும்வரை, சாயம் ஏற்றத் துணிகிறவர்களும் இருக்கத்தான் செய்றாங்க.

இதே பிரச்சினை 180 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் வெடித்தது. நாடு போர்ச்சுகல். பொருள் போர்ட் ஒயின். சந்தை கேட்ட நிறம் கருஞ்சிவப்பு. அந்தச் சாயத்தைப் பற்றி வெளியே பேசியவர் வெளியாள் இல்லை. அதே தொழிலில் இருந்த ஒரு வியாபாரி. பெயர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர். இன்றைக்கும் ஒயின் உலகம் அவரை பாரன் ஃபாரஸ்டர் என்றுதான் சொல்கிறது.

யார் இவர்? அப்படி என்ன சொல்லிட்டார்? சொன்னதுக்கு என்ன விலை கொடுத்தார்?

மேலே விளையும், கீழே விலை போகும்

கதைக்குள் போவதற்கு முன் இடத்தைப் புரிஞ்சுக்கணும். போடிக்காரர்களுக்கு இது ரொம்ப ஈஸி.

ஏலக்காயின் பெரும்பகுதி விளைவது மேலே, போடிமெட்டு தாண்டி இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைகளில். ஆனால் விலை பேசப்படுவது கீழே. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடப்பது ரெண்டு ஊரில். ஒன்று மலை மேலே புற்றடி. இன்னொன்று அடிவாரத்தில் போடி.

போர்ச்சுகல்லிலும் இதே அமைப்புதான். டூரோ என்ற ஆற்றின் மேல்பகுதியில் செங்குத்தான மலைச்சரிவுகள். அங்கே படிப்படியாகக் கல் அடுக்கி, அதில் திராட்சைக் கொடி வளர்க்கிறார்கள். ஒயின் அங்கேயே தயாராகும். பிறகு, அந்தக் காலத்தில் ரபேலோ என்ற தட்டையான படகில் பீப்பாய்களை ஏற்றி, ஆற்றோடு கடற்கரைப் பக்கம் கொண்டுவந்தார்கள். அங்கே ஆற்றின் ஒரு கரையில் போர்ட்டோ நகரம், எதிர்க்கரையில் கையா. கையாவின் கிடங்குகளில்தான் அப்போது ஒயின் முதிர்ந்தது. விலை பேசுகிற வியாபாரிகளும் இங்கேதான். அப்போது அதில் பெரும்பகுதி இங்கிலாந்துக்காரர்கள்.

ஊர் பெயரால்தான் ஒயினுக்கும் பெயர். போர்ட்டோவிலிருந்து கப்பல் ஏறியதால் போர்ட்.

இதில் நமக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. நாம் சாதாரணமாகச் சொல்கிற பீப்பாய் என்ற சொல்லே போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்ததுதான். அங்கே அது பீப்பா. போர்ட் ஒயினை அளக்கிற பெரிய மரப் பீப்பாய்க்கும் அதே பெயர்தான். போட்டி போட்டு விலை கேட்கிற ஏலம் என்ற சொல்லும் அந்த மொழியின் கொடை. ஆனால் ஏலக்காயில் இருக்கும் ஏலம் நம்ம சொந்தச் சொல். ஆக, போடியில் ஏலத்தை ஏலம் விடும்போது, ரெண்டு மொழியும் ஒரே வாக்கியத்தில் நிற்குது.

யார் இந்த ஃபாரஸ்டர்?

ஃபாரஸ்டர் பிறந்தது 1809ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில். குடும்பம் ஸ்காட்லாந்து வழி. 1831இல், 22 வயதில் போர்ட்டோ வந்து சேர்ந்தார். அவருடைய பெரியவர் ஒருவர் அங்கே ஆஃப்லி ஃபாரஸ்டர் என்ற ஒயின் ஏற்றுமதி நிறுவனத்தில் பங்குதாரர். அந்த வீட்டுத் தொழிலுக்குத்தான் பையன் வந்தார்.

வந்த நேரம் சரியில்லை. அடுத்த வருஷமே போர்ச்சுகல் அரச குடும்பத்தின் அண்ணன் தம்பிச் சண்டை உள்நாட்டுப் போராகி, போர்ட்டோ நகரம் முற்றுகைக்குள் மாட்டியது. 1832 ஜூலையில் தொடங்கிய முற்றுகை ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1833 ஆகஸ்டில், பின்வாங்கிய படை கையா கிடங்குகளுக்குத் தீ வைத்தது. ஆயிரக்கணக்கான பீப்பாய் ஒயின் எரிந்தும் வழிந்தும் ஆற்றில் கலந்தது. தொழில் கற்க வந்த இளைஞர் கண்முன்னே தொழிலே ஆற்றோடு போச்சு.

ஆனால் ஃபாரஸ்டர் ஊரைவிட்டுப் போகலை. போர்ச்சுகீசிய மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார். நன்றாகப் படம் வரைவார். போர்ட்டோவில் ஆங்கிலேய வியாபாரிகள் கூடி விலை பேசுகிற தெருவை, அங்கே நிற்கும் வியாபாரிகளோடு சேர்த்து 1834இல் ஒரு படமாக வரைந்தார். அந்தப் படம் இன்றைக்கும் பிரபலம். பத்து வருஷம் கழித்து, இப்படிப்பட்ட வியாபாரிகளைத்தான் அவர் பகைத்துக்கொள்ளப் போகிறார்.

மற்ற ஆங்கிலேய ஏற்றுமதியாளர்களுக்கும் இவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அவர்களில் பலர் போர்ட்டோவை விட்டு அதிகம் நகராதவர்கள். சரக்கு கீழே வந்தால் ருசி பார்ப்பார்கள், விலை சொல்வார்கள், கப்பலில் ஏற்றுவார்கள். இவர் ஆற்றில் ஏறி மேலே போனார். தோட்டம் தோட்டமாக நின்று பார்த்தார். திராட்சை எப்படி மிதிபடுது, பீப்பாய்க்குள் என்னென்ன போகுது என்று விவசாயிகளிடமே கேட்டார்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது.

போர்ட் ஒயின்னா என்ன?

சிம்பிளா சொன்னா, பாதியில் நிறுத்தப்பட்ட ஒயின்தான் போர்ட்.

திராட்சைச் சாறு புளிக்கும்போது அதில் இருக்கும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஆல்கஹாலாக மாறும். முழுசாகப் புளிக்க விட்டால் இனிப்பு போய், சாதாரண ஒயின் கிடைக்கும். போர்ட் தயாரிப்பில், சர்க்கரை பாதி மிச்சம் இருக்கும்போதே திராட்சையிலிருந்து காய்ச்சிய கடும் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். அந்தக் கடுப்பில் ஈஸ்ட் செத்துப்போகும், புளிப்பது நின்றுவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் இருக்கும், 19 முதல் 22 சதவீதம் ஆல்கஹாலோடு கடுமையாகவும் இருக்கும். சாதாரண ஒயினில் இது பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம்தான்.

ஆரம்பத்தில் சாராயம் சேர்த்ததன் நோக்கம் வேறு. கப்பலில் நீண்ட தூரம் போகும்போது ஒயின் கெட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்தார்கள். 1703இல் இங்கிலாந்தும் போர்ச்சுகல்லும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தால், பிரெஞ்சு ஒயினைவிட போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் வரி குறைந்தது. தேவை எகிறியது. தேவை எகிறினால் கலப்படமும் கூடவே வரும் இல்லையா? வந்தது.

எல்டர்பெர்ரி என்ற கருநீலப் பழம் ஐரோப்பாவில் நிறைய உண்டு. அதன் சாறு கொஞ்சம் கலந்தாலே வெளிறிய ஒயின் கருஞ்சிவப்பாகிடும். இந்தக் கலப்படத்தால் போர்ட் ஒயினின் பெயர் கெட்டு விலை சரிந்தது. அப்போது போர்ச்சுகல்லின் சக்திவாய்ந்த அமைச்சராக இருந்தவர் பொம்பால். 1756இல் அவர் டூரோ ஒயினுக்கென ஒரு அரசு கம்பெனியை உருவாக்கினார். எந்த நிலத்துத் திராட்சை போர்ட்டுக்கு ஏற்றது என்று எல்லை வகுத்து, கருங்கல் தூண்களை நட்டார். திராட்சைப் பகுதியில் எல்டர்பெர்ரி மரங்களையே பிடுங்கி எறிய உத்தரவிட்டார். இன்றைக்கு நாம் பேசுகிற புவிசார் குறியீட்டுக்கு இது ஒரு முன்னோடி.

ஆனால் மரத்தைப் பிடுங்கிட்டா ஆசை போயிடுமா?

1820: ஒரு நல்ல வருஷம் செய்த கெடுதல்

இங்கதான் கதையின் ட்விஸ்ட்.

1820இல் டூரோவில் திராட்சை அபூர்வமாக விளைந்தது. பழம் நன்றாகப் பழுத்து, இயற்கையிலேயே இனிப்பும் அடர்த்தியும் கருஞ்சிவப்பும் நிறைந்த ஒயின் கிடைத்தது. இங்கிலாந்தில் குடித்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போச்சு. அடுத்த வருஷமும் அதே வேணும் என்றார்கள். அதற்கடுத்த வருஷமும் அதேதான்.

வானம் ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி இருக்குமா? இருக்காது. வெயில் குறைந்த வருஷம் ஒயின் இலேசாகத்தான் வரும். ஆனால் சந்தை கேட்பது 1820இன் நிறம், 1820இன் இனிப்பு. ஆக, இயற்கை கொடுக்காததைக் கை கொடுத்தது. நிறத்துக்கு எல்டர்பெர்ரி. இனிப்புக்குப் புளிக்காத சாறும் சர்க்கரையும். வீரியத்துக்கு இன்னும் கொஞ்சம் சாராயம். இதையெல்லாம் சேர்த்து ஜெரோபிகா என்ற ஒரு கலவையே தயாரானது.

ஃபாரஸ்டர் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் இதற்கும் மேலே. கலப்படத்தைத் தடுக்க வேண்டிய ருசி பார்ப்பவர்களே அதை வளர்த்தார்கள் என்பதுதான் அது. அந்தக் காலத்தில் கம்பெனியின் ருசிப்பாளர்கள் ஒவ்வொரு ஒயினையும் ருசி பார்த்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம் கிடைத்தால்தான் இங்கிலாந்து ஏற்றுமதி, நல்ல காசு. அவர்கள் முதல் தரம் என்று எடுத்தது எதை? கறுப்பாக, கடுமையாக, இனிப்பாக இருந்ததை.

எதுவும் கலக்காமல் நேர்மையாக ஒயின் செய்த விவசாயியின் சரக்கு, நிறம் போதவில்லை என்று கீழ்த்தரத்துக்குத் தள்ளப்பட்டது. கலந்தவன் ஜெயித்தான், கலக்காதவன் கடனாளி ஆனான். அடுத்த வருஷம் அவனும் கலக்க வேண்டிய கட்டாயம்.

பெயர் போடாத அந்தக் குறுநூல்

1844இல் லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் வெளியானது. போர்ட் ஒயினைப் பற்றி ஓரிரு வார்த்தைகள் என்று பொருள் வருகிற சாதாரணத் தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை. போர்ச்சுகல்லில் பல வருஷம் வசித்த ஒருவர் என்று மட்டும் இருந்தது. யார் எழுதியது என்று போர்ட்டோவுக்குத் தெரிய ரொம்ப நேரம் ஆகலை.

ஃபாரஸ்டர் அதில் வைத்த குற்றச்சாட்டு நேரடியானது. போர்ட் என்று இங்கிலாந்தில் விற்கப்படுவதில் பெரும்பகுதி எல்டர்பெர்ரியாலும் சர்க்கரையாலும் அளவுக்கு மீறிய சாராயத்தாலும் உருமாற்றப்பட்டது. தூய டூரோ ஒயினுக்கு இந்த ஒப்பனை எதுவும் தேவையில்லை. குற்றம் விவசாயி மேல் மட்டும் இல்லை. அப்படிக் கேட்கிற வியாபாரி மேலும், அப்படித் தரம் பிரிக்கிற அமைப்பு மேலும் இருக்கு. இதுதான் அவர் வாதத்தின் சாரம். புத்தகம் எட்டுப் பதிப்பு கண்டது.

போர்ட்டோ கொதித்தது. சக ஏற்றுமதியாளர்கள் கூடி அவரைக் கண்டித்தார்கள். தொழிலின் பெயரைக் கெடுக்கிறார், தன் நிறுவனத்துக்கு விளம்பரம் தேடுகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். அவரும் ஒயின் விற்கிறவர்தானே என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆற்றின் மேல்பகுதியில் நிலைமை தலைகீழ். டூரோ விவசாயிகளில் பலரும், ஊர்ச் சபைகளும், பாதிரியார்களும் அவருக்கு ஆதரவாக நின்றார்கள். டூரோவின் காவலர் என்று அவரைக் கொண்டாடினார்கள்.

விளைவிக்கிறவர் ஒரு பக்கம், விற்கிறவர் மறுபக்கம். நடுவில் விற்கிறவர் கூட்டத்திலிருந்து வந்த ஒரே ஆள்.

தூய்மையா, தொழில்நுட்பமா? எங்கே சறுக்கினார்?

ஃபாரஸ்டர் எல்லா விஷயத்திலும் சரி என்று சொல்ல முடியாது. எல்டர்பெர்ரியை எதிர்த்த அதே வேகத்தில், புளிப்பதைப் பாதியில் நிறுத்தச் சாராயம் ஊற்றுவதையும் அவர் எதிர்த்தார். ஒயின் முழுசாகப் புளித்து, இனிப்பில்லாமல், இயல்பாக இருக்கணும் என்பது அவர் கட்சி.

ஆனால் இவை ரெண்டும் ஒன்றல்ல. எல்டர்பெர்ரி கலப்பது ஏமாற்று. இல்லாத தரத்தை இருப்பதாகக் காட்டுவது. சாராயம் சேர்ப்பது ஒரு செய்முறை. எல்லோருக்கும் தெரிந்து, அளவு வகுத்துச் செய்தால் அது அந்தப் பானத்தின் இயல்பாகவே ஆகிவிடும்.

ஏலக்காயிலேயே இதற்கு உதாரணம் இருக்கு. பறித்த பச்சைக்காயை வெயிலில் போட்டால் நிறம் வெளிறும். அதனால்தான் ஸ்டோரில், சூட்டைக் கட்டுப்படுத்தி நிதானமாக உலர்த்துகிறார்கள். உலர்த்துவதற்கு முன் இலேசான சலவைச் சோடா கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் பச்சை நிற்கும் என்பது தெரிந்த வழிமுறை. இது காயின் சொந்த நிறத்தைக் காப்பது. சாயம் ஏற்றுவது வேறு. அது காயில் இல்லாத நிறத்தை வெளியிலிருந்து பூசுவது. காப்பதுக்கும் பூசுவதுக்கும் நடுவில் உள்ள கோடுதான் தொழிலின் நேர்மை. ஃபாரஸ்டர் கோடு இருக்கு என்று சரியாகச் சொன்னார். கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

வியாபாரி வரைந்த வரைபடம்

சண்டையோடு மட்டும் அவர் நிற்கலை. டூரோ ஆற்றை அளந்து, அதன் திருப்பங்களையும் பாறைகளையும் வேகச் சுழல்களையும் குறித்து விரிவான வரைபடங்களை உருவாக்கினார். ஒயின் விளையும் பகுதிக்குத் தனி வரைபடம், 1848இல் ஆற்றுக்குப் பெரிய வரைபடம், நிலவியல் குறிப்புகள் என்று வேலை நீண்டது. போர்ச்சுகல் அரசே அதைத் தேசியப் படைப்பாக ஏற்றது.

1850களில் கொடிகளைத் தாக்கிய ஒரு பூஞ்சை நோய் டூரோவைச் சூறையாடியபோது அதையும் ஆராய்ந்து எழுதினார். 1852இல் ஒயின் வரியை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். கேமரா புதுசாக வந்த காலத்தில் புகைப்படமும் எடுத்தார்.

1855இல் போர்ச்சுகல் அவருக்கு பாரன் பட்டம் கொடுத்தது. சக ஆங்கிலேயர்கள் ஒதுக்கிய மனுஷனை, போன இடத்து நாடு தன்னுடைய பிரபு ஆக்கிக்கொண்டது.

ருசி பார்ப்பது எப்படி? போர்ட் வகைகள் ஒரு பார்வை

ஃபாரஸ்டர் எழுப்பிய கேள்வி, நிறத்தை வைத்துத் தரம் சொல்லலாமா என்பது. இன்றைய போர்ட் வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம்: மது உடல்நலத்துக்குக் கேடு. இது வகைகளைப் புரிந்துகொள்வதற்கான தகவல் மட்டுமே.

ரூபி: பெயருக்கேற்ற மாணிக்கச் சிவப்பு. பெரிய தொட்டிகளில், காற்று அதிகம் படாமல், ரெண்டு மூன்று வருஷம் வைத்து பாட்டிலில் அடைப்பார்கள். புதுப்பழ வாசனை, பளிச் இனிப்பு. விலையிலும் எளியது.

டானி: இது சின்ன மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் இருக்கும். மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று படும். சிவப்பு மெல்ல மெல்ல மங்கி, செங்கல் நிறமாகி, கடைசியில் தேன் கலந்த பழுப்பாகும். பழ வாசனை போய், வறுத்த கொட்டை, காய்ந்த அத்தி, கருக்கிய சர்க்கரை மாதிரியான வாசனை வரும். 10, 20, 30, 40 வருஷம் என்று லேபிளிலேயே வயது போட்டு விற்பார்கள். இது பல வருஷத்து ஒயின்களின் கலவை. ஒரே வருஷத்து ஒயினை மட்டும் குறைந்தது 7 வருஷம் பீப்பாயில் வைத்தால் அதற்கு கோல்யேட்டா என்று பெயர்.

விண்டேஜ்: மிகச் சிறந்த ஒரே வருஷத்துத் திராட்சை. பீப்பாயில் ரெண்டு மூன்று வருஷம்தான். மீதி வாழ்க்கை பாட்டிலுக்குள். 20, 30 வருஷம், அதற்கு மேலும் முதிரும். அடியில் வண்டல் படியும். அதனால் குடிப்பதற்கு முன் வேறு கண்ணாடிக் குடுவைக்கு மெதுவாக ஊற்றித் தெளியவைக்கணும்.

லேட் பாட்டில்டு விண்டேஜ்: இதுவும் ஒரே வருஷத்துச் சரக்கு. ஆனால் 4 முதல் 6 வருஷம் மரத்தில் இருந்துவிட்டு பாட்டிலுக்கு வரும். விண்டேஜுக்கும் ரூபிக்கும் நடுவில் நிற்கும்.

வெள்ளை போர்ட்: வெள்ளைத் திராட்சையில் செய்வது. குளிரவைத்துப் பரிமாறுவார்கள். ரோஸ் நிறத்திலும் ஒன்று உண்டு. அது 2008க்குப் பிறகு சந்தைக்கு வந்த புதுவரவு.

வரிசையாக ருசி பார்க்கிறவர்கள் இலேசானதில் தொடங்கி கனமானதுக்குப் போவார்கள். ஒரு குடும்பத்துக்குள் இளசு முதலில், முதியது கடைசியில். கிளாஸுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, சாய்த்து, விளிம்பில் நிறம் எப்படி இருக்கு என்று பார்ப்பார்கள். பிறகு மோந்து பார்ப்பார்கள். வாயில் கொஞ்சமாக எடுத்து, நாக்கு முழுக்கப் படவிட்டு, துப்பிவிடுவார்கள். தொழில்முறை ருசிப்பாளர்கள் விழுங்குவதில்லை. விழுங்கினால் பத்தாவது கிளாஸில் நாக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இப்போ கவனிங்க. ரூபியில் அடர்ந்த சிவப்பு இளமையின் அடையாளம். டானியில் நிறம் மங்கியதுதான் பெருமை. 40 வருஷத்து டானியின் நிறத்தை மட்டும் அந்தக் காலத்து ருசிப்பாளரிடம் காட்டியிருந்தால், வெளிறிப்போச்சு என்று கீழ்த்தரத்தில் தள்ளியிருப்பார். இன்றைக்கு அது ரூபியைவிடப் பல மடங்கு விலை. ஆக, நிறம் பொய் சொல்லாது. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் விலை போட்டால், பொய்யை வரவழைக்கும்.

ஏலக்காயிலும் வாசனை எண்ணெய் இருப்பது உள்ளே விதையில். வெளித்தோலில் இல்லை. அதனால்தான் அனுபவசாலிகள் காயைப் பிளந்து, விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கா என்று பார்த்து, ரெண்டு விதையை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாங்க. லிட்டருக்கு எவ்வளவு எடை நிற்குது என்று அளப்பதும் இதுக்குத்தான். தோல் பச்சையா இருந்து விதை சூம்பியிருந்தா, எடை காட்டிக்கொடுத்துடும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கலாம். கோவா போய்விட்டு வருகிறவர்கள் போர்ட் என்று வாங்கிவரும் மலிவான இனிப்பு ஒயின் டூரோவில் செய்ததல்ல. போர்ச்சுகீசிய ஆட்சியின் நினைவாக அங்கே தங்கிப்போன பெயர் அது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, டூரோவில் விளைந்து, அங்கே செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர் செல்லும்.

தான் வரைந்த ஆற்றிலேயே முடிவு

1861 மே 12. ஃபாரஸ்டர் டூரோவில் படகில் வந்துகொண்டிருந்தார். உடன் வந்தவர்களில் ஒருவர் டோனா அன்டோனியா ஃபெரைரா. கணவர் இறந்தபின் பெரும் ஒயின் தோட்டங்களை நிர்வகித்து, டூரோவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக உயர்ந்த பெண்மணி.

வலெய்ரா என்ற இடத்தில் ஆறு குறுகி, பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெடி வைத்துப் பாறையைத் தகர்த்த பிறகுதான் அங்கே படகுகளே போக முடிந்தது. அந்தச் சுழலில் படகு கவிழ்ந்தது.

டோனா அன்டோனியா பிழைத்தார். அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த அகலமான குடைப்பாவாடை காற்றுப் பிடித்து அவரை மிதக்கவைத்தது என்று டூரோ முழுக்க இன்றும் சொல்கிறார்கள். விவசாயிகளுக்குக் கொடுக்க வைத்திருந்த பொற்காசுப் பட்டையின் எடைதான் ஃபாரஸ்டரைக் கீழே இழுத்தது என்பதும் அதே மாதிரி வாய்வழிக் கதை. நடந்தது இவ்வளவுதான்: 51 வயதில் ஃபாரஸ்டர் நீரில் மூழ்கினார். உடல் கிடைக்கவே இல்லை.

எந்தச் சுழல் எங்கே இருக்கு என்று ஊருக்கு வரைந்து கொடுத்தவரை, அதே சுழல் கொண்டுபோனது.

ஜெயித்தாரா, தோற்றாரா?

உடனடிக் கணக்கில் தோற்றார். சாராயம் சேர்த்த இனிப்பு போர்ட்தான் நிலைத்தது. இன்றைக்கு உலகம் போர்ட் என்று குடிப்பது அவர் எதிர்த்த அந்த வகையைத்தான். அதைவிட வேடிக்கை, அவர் பட்டப்பெயரையே லேபிளில் போட்டு அவருடைய பழைய நிறுவனத்தின் பெயரில் போர்ட் விற்பனையானது.

ஆனால் நீண்ட கணக்கு வேறு. எல்டர்பெர்ரிக்கு இன்றைய போர்ட்டில் இடமே இல்லை. டூரோ, போர்ட் ஒயின்களுக்கென ஒரு அரசு நிறுவனம் இருக்கு. ஆய்வகச் சோதனை, ருசிக்குழுவின் சோதனை இரண்டையும் தாண்டினால்தான் பாட்டில் கழுத்தில் உத்தரவாத முத்திரை விழும். எது யாருடைய ஒயின் என்று தெரியாமல்தான் ருசிக்குழு ருசி பார்க்கும்.

சாராயம் சேர்க்காத, முழுசாகப் புளித்த டூரோ ஒயினும் கடந்த சில பத்தாண்டுகளில் உலகச் சந்தையில் தனிப் பெயர் எடுத்திருக்கு. ஃபாரஸ்டர் கேட்டது அதைத்தான். அவர் கேட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்து சேர்ந்தது. படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கு 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வலெய்ராவில் 1970களில் அணை வந்தது. அவரை விழுங்கிய சுழல் இன்று அமைதியான நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்குது.

போடிக்கு இதில் என்ன இருக்கு?

சாயம் ஏற்றுகிறவரைப் பிடித்துத் தண்டிக்கணும். அதில் ரெண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஃபாரஸ்டர் கதை ஒரு படி மேலே போய்க் கேட்குது. சாயத்தை அவசியமாக்கியது யார்?

1820இன் நிறத்தை ஒவ்வொரு வருஷமும் கேட்ட இங்கிலாந்துச் சந்தை மாதிரி, மழை எப்படி இருந்தாலும், காய் எந்த மாதம் பறித்ததா இருந்தாலும், ஒரே பச்சையைக் கேட்கிற சந்தை இங்கேயும் இருக்கு. அந்தச் சந்தையின் கடைசிக் கண்ணி மளிகைக் கடையில் பாக்கெட்டைத் தூக்கிப் பார்க்கிற நாம்தான். ஏலமலையில் குளிரிலும் மழையிலும் குனிந்து காய் பறிக்கிற தொழிலாளியின் கூலியும், நேர்மையாக உலர்த்துகிற சிறு விவசாயியின் விலையும் அந்தப் பார்வையில்தான் தொங்குது.

அடுத்த முறை ஏலக்காய் வாங்கும்போது ஒன்று செய்யலாம். கண்ணைக் கூசவைக்கிற பச்சையைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்க. நாலு காயை வெந்நீரில் போட்டுப் பாருங்க. தண்ணீர் உடனே பளிச்சென்று பச்சையானால் அது சந்தேகத்துக்குரியது. அப்புறம் ஒரு காயைப் பிளந்து, விதையைக் கடியுங்க. கண்ணை ஏமாத்தலாம். நாக்கை ஏமாத்துறது அவ்வளவு சுலபம் இல்லை.